மருந்து போட்டதும் எஸ்ரின் குறைந்துவிட்டதா? கோவை, ஈரோடு, சேலம் பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் பயோடெக்னாலஜி, பயோகெமிஸ்ட்ரி கடைசி செமஸ்டர் வந்துவிட்டால் புராஜெக்ட் தலைப்புகள் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வரும்: இன்ன வேதிப்பொருளைச் செல்லில் போட்டால் இன்ன புரதத்தின் அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா. அந்தப் புரதம் எஸ்ரின் மாதிரி ஓர் இணைப்புப் புரதமாக இருந்தால் எதை, எந்த வரிசையில், எப்படிச் செய்வது என்பதற்கான கட்டுரை இது. பைப்பெட் பிடிக்கத் தெரியும், செல் கல்ச்சர் அறைக்குள் சில முறை போய் வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் புரதத்தைப் பார்ப்போம். செல்லுக்குள் ஆக்டின் இழைகளால் ஆன ஒரு சட்டகம் இருக்கிறது. வெளியே செல் சவ்வு. பந்தல் காலோடு தட்டியைச் சேர்த்துக் கட்டுகிற கயிறு மாதிரி இந்த இரண்டையும் பிடித்துவைப்பவைதான் இணைப்புப் புரதங்கள். எஸ்ரின், ராடிக்சின், மோசின் மூன்றும் ஒரே குடும்பம். ஆய்வகத்தில் சேர்த்து ஈஆர்எம் என்பார்கள். ஒரு முனை சவ்வையும் சவ்வில் பதிந்த புரதங்களையும் பிடிக்கும், மறுமுனை ஆக்டினைப் பிடிக்கும். எஸ்ரினை முதன்முதலில் தனியாகப் பிரித்தெடுத்தது 1983-இல், ஆந்தனி பிரெட்ஷர். எதிலிருந்து தெரியுமா? கோழிக் குடலின் உட்சுவரிலுள்ள நுண்விரல்களிலிருந்து. பல்லடத்துக் கறிக்கோழிக் கடைகளில் தினமும் கூடை கூடையாகக் கழித்துக் கொட்டும் அதே குடல்தான்.

இந்தப் புரதத்துக்கு இரண்டு நிலை உண்டு. இரண்டு முனையும் ஒன்றோடொன்று ஒட்டி மடிந்து கிடந்தால் அது தூங்குகிறது. சவ்விலுள்ள பிப்-2 என்ற கொழுப்பு வந்து பிடித்து, 567ஆம் இடத்திலுள்ள திரியோனினில் பாஸ்பேட் ஏறினால் விரிந்து வேலைக்கு வரும். ஆகவே செல்லில் எஸ்ரின் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதில் எவ்வளவு வேலை செய்கிறது என்பது இன்னொரு கேள்வி. புராஜெக்ட்கள் சறுக்குகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

முதல் வேலை: எந்தப் படி என்று எழுதுங்கள்

வேதிப்பொருள் வாங்கும் முன் ஒரு தாளில் ஐந்து படி எழுதுங்கள். ஜீனிலிருந்து ஆர்என்ஏ எழுதப்படுவது. அந்த ஆர்என்ஏ எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பது. ஆர்என்ஏவிலிருந்து புரதம் ஆவது. புரதம் விரிந்து வேலைக்கு வருவது. புரதம் உடைந்து அழிவது. உங்கள் பொருள் இதில் எந்தப் படியைத் தொடும் என்று நினைக்கிறீர்களோ அதற்கு நேரே ஒரு புள்ளி. புள்ளி வைக்க முடியவில்லை என்றால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

வேதிப்பொருள் விற்பவர்களின் பட்டியலில் ஒவ்வொரு புரதத்தின் பேரிலும் 'தடுப்பான்கள்' என்று இருபது முப்பது பொருள்கள் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலை நம்பித் தலைப்பு வைக்காதீர்கள். அந்தப் புரதத்துக்கு மேலே, பக்கத்தில், நாலு தெரு தள்ளி எங்கே கை வைக்கிற பொருளாக இருந்தாலும் அதே தலைப்பின் கீழ் வந்துவிடும். அதில் பாதிக்கு மேல் அந்தப் புரதத்தின் அளவைத் தொடவே தொடாது. ஒய்-27632 ஒரு நல்ல உதாரணம். ராக் என்ற கைனேஸை, அதாவது பாஸ்பேட் ஏற்றும் நொதியை, அது தடுக்கும். அதனால் ஈஆர்எம் மீது பாஸ்பேட் ஏறுவது சில செல்களில் குறையும். எஸ்ரின் எக்ஸ்பிரஷன், அதாவது செல் தயாரிக்கும் அளவு, குறைந்தது என்று அதை வைத்து எழுத முடியாது.

இந்தத் துறையில் அடிக்கடி கண்ணில் படுகிற பொருள்களைப் படிவாரியாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்என்ஏ எழுதப்படுவதை மொத்தமாக நிறுத்துவது ஆக்டினோமைசின் டி. எஸ்ரினுக்கென்று தனியாக அல்ல, செல் முழுவதற்கும். அதனால் இது மருந்து அல்ல, கருவி. ஏற்கெனவே இருக்கிற ஆர்என்ஏ எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்க்க உதவும். அதேபோல் புரதம் தயாராவதை நிறுத்துவது சைக்ளோஹெக்ஸிமைடு. புரதத்தை உடைக்கும் புரோட்டியசோமை அடைப்பது எம்ஜி-132. இந்த மூன்றும் ஆய்வகத்தில் இருந்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். மூன்றும் நஞ்சு. இரட்டைக் கையுறை போடாமல் குப்பியைத் திறக்காதீர்கள்.

ஜீனைச் சுற்றியுள்ள பொதியைத் தளர்த்துபவை இன்னொரு வகை: ட்ரைக்கோஸ்டாட்டின் ஏ, சோடியம் பியூட்டிரேட். இரண்டாவது விலை குறைவு, தண்ணீரில் கரையும், மில்லிமோலார் அளவில் போட வேண்டும். டிஎன்ஏ மீதுள்ள மெத்தில் குறிகளை அழிப்பது டெசிட்டபின். செல் பிரிந்து பெருகும்போதுதான் அது டிஎன்ஏவுக்குள் நுழையும். மீடியத்தில் நிலைக்காது என்பதால் தினமும் புதிதாகப் போட்டு மூன்று நாளாவது விட வேண்டும். ஆனால் இந்த வகை எல்லாமே ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஜீன்களை ஆட்டிவைக்கும். 'இது எஸ்ரினைக் கட்டுப்படுத்துகிறது' என்று இவற்றை வைத்து எழுதினால், வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான்.

வேலைக்கு வரும் படியைத் தொடுபவை: ஸ்டோரோஸ்போரின் போட்டால் ஈஆர்எம் மீதுள்ள பாஸ்பேட் இறங்கும். கேலிகுலின் ஏ போட்டால் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் அடைபட்டுச் சில நிமிடங்களிலேயே ஏறும். எஸ்ரினையே நேரடியாகப் பிடிப்பவை என்று 2012-இல் வெளியானவை என்எஸ்சி 305787, என்எஸ்சி 668394. இவையும் தடுப்பது 567ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏறுவதைத்தான்.

உடைக்கும் படியில் புரோட்டியசோம் தவிர கால்பெய்னையும் மறக்க வேண்டாம். செல்லுக்குள் கால்சியம் ஏறினால் விழிக்கும் நொதி அது. எஸ்ரினை வெட்டும், மோசினையும் ராடிக்சினையும் விட்டுவிடும். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காணும் முறை) 80 கிலோடால்டனுக்குக் கீழே புதிதாக ஒரு துண்டு தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

மஞ்சளை வைத்துச் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு

நம் பக்கத்தில் இது வராமல் இருக்காது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பொருள், வீட்டிலேயே இருக்கிறது, கைடும் சரி என்கிறார். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குர்குமின் ஆய்வகத்தில் படுத்துகிற பாடு தெரிந்து இறங்குங்கள்.

மஞ்சள்தூளை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை 'குர்குமின்' என்று எழுதக் கூடாது. அது சாறு, அதில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கடையில் வாங்கும் குர்குமினும் பெரும்பாலும் மூன்று குர்குமினாய்டுகளின் கலவைதான். தூய்மை எவ்வளவு என்று குப்பியின் சான்றிதழில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அது நிலைக்காது. சீரம் இல்லாத பஃபரில், உடல் வெப்பத்தில், நடுநிலை பிஎச்சில் அரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 90 சதவீதம் சிதைந்துவிடும். 10 சதவீதம் சீரம் உள்ள மீடியத்தில் பாதியாகக் குறையச் சுமார் 8 மணி நேரம் ஆகும். அப்படியென்றால் காலையில் போட்டுவிட்டு மறுநாள் காலையில் அறுவடை செய்த செல், கடைசிப் பல மணி நேரம் குர்குமினைவிட அதன் சிதைவுப் பொருள்களில்தான் ஊறியிருக்கிறது. வெளிச்சமும் ஆகாது, குழாயை அலுமினியத் தாளில் சுற்றி வைக்க வேண்டும்.

மூன்றாவது தொல்லை நிறம். குர்குமின் 425 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சிப் பச்சையாக ஒளிரும். எஸ்ரினுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், தெரிகிற பச்சை எது என்று பிரிக்க முடியாது. சிவப்பு அல்லது தூரச் சிவப்புச் சாயம் ஏற்றிய இரண்டாம் ஆன்டிபாடி கேட்டு வாங்குங்கள். ஆன்டிபாடி எதுவும் போடாமல் குர்குமின் மட்டும் போட்ட ஒரு கவர்ஸ்லிப்பும் கட்டாயம்.

இதோடு, குர்குமின் கண்ட புரதத்தையெல்லாம் தொடுகிற பொருள் என்று மருந்து வேதியியல்காரர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். முதல் புராஜெக்ட்டுக்கு இது நல்ல தேர்வு அல்ல என்பது என் கருத்து. சோடியம் பியூட்டிரேட் மாதிரி, எங்கே கை வைக்கிறது என்று தெரிந்த பொருளில் முறையைப் பழகிவிட்டு, பிறகு மஞ்சளுக்கு வரலாம்.

செல்லும் மீடியமும்

எம்சிஎஃப்-7, ஹீலா, கேகோ-2 எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், எல்லாவற்றிலும் எஸ்ரின் இருக்கிறது. ஏ431 செல்லில் நிறையவே இருக்கிறது, அதன் லைசேட் (செல்லைக் கரைத்து எடுத்த சாறு) கொஞ்சம் கிடைத்தால் பாசிட்டிவ் கண்ட்ரோலாக வைத்துக்கொள்ளுங்கள். செல்லைப் புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து உங்கள் நிறுவனத்தின் பேரில் வாங்குவது நல்லது. பக்கத்துக் கல்லூரி நண்பரிடம் ஒரு ஃபிளாஸ்க் வாங்கிப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவது நடக்கிற காரியம்தான். அப்படி வந்தால் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றுக்கான சோதனை முடியும்வரை தனி இன்குபேட்டரில் வையுங்கள். மைக்கோபிளாஸ்மா இருக்கும் செல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஜீன் வெளிப்பாடு மட்டும் தாறுமாறாக மாறியிருக்கும்.

எம்சிஎஃப்-7 எடுப்பவர்கள் கவனிக்க: அது ஈஸ்ட்ரோஜனுக்கு மசியும் செல். அப்படிப்பட்ட செல்கள் சிலவற்றில் ஈஸ்ட்ரோஜன் எஸ்ரினை ஏற்றும் என்று பதிவுகள் உண்டு. மீடியத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற ஃபீனால் ரெட் லேசாக ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும் என்பது 1986-இலேயே தெரிந்த சங்கதி. மாட்டுக் கன்றுச் சீரத்திலும் ஹார்மோன்கள் உண்டு. ஹார்மோன் சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் ஃபீனால் ரெட் இல்லாத மீடியமும் கரியால் ஹார்மோன் நீக்கிய சீரமும் வேண்டும். வேறு கேள்வி என்றால் ஒரே லாட் சீரத்தில் முழுப் புராஜெக்ட்டையும் முடித்தால் போதும்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், பஃபருக்கு ஆகாது. ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ச்சி வடிக்கும் கருவியில் அடைகட்டும் உப்பைப் பார்த்திருப்பீர்கள். இருமுறை வடித்த நீர்தான், அதுவும் அன்றைக்கு வடித்தது.

ஸ்டாக்கும் டோசும்

கணக்கு எளிது, ஆனால் தப்பு இங்கேதான் அதிகம். குர்குமினின் மூலக்கூறு எடை 368.4. 10 மில்லிமோலார் ஸ்டாக் (கெட்டியான மூலக் கரைசல்) என்றால் 3.68 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைக்க வேண்டும். அதில் 1 மைக்ரோலிட்டரை 1 மில்லிலிட்டர் மீடியத்தில் விட்டால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். 5 மைக்ரோமோலார் வேண்டும் என்றால் அரை மைக்ரோலிட்டர் விடாதீர்கள். ஸ்டாக்கை டிஎம்எஸ்ஓவிலேயே பாதியாக நீர்த்து, அதில் 1 மைக்ரோலிட்டர் விடுங்கள். அப்போது எல்லாக் குழியிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவாக இருக்கும். கண்ட்ரோல் குழியிலும் அதே 0.1 சதவீதம். 'ஒன்றும் போடாத' குழி தனியாக இன்னொன்று.

ஸ்டாக்கைச் சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். எடுத்து உருக்கித் திரும்ப உறையவைப்பது வேண்டாம்.

டோஸ் தேர்வுக்கு முதலில் எம்டிடி, உயிருள்ள செல்லில் நிறம் மாறும் சாயச் சோதனை. செல்லில் 90 சதவீதமாவது உயிரோடு இருக்கிற டோசுக்குள்தான் புரத அளவைப் பார்க்க வேண்டும். பாதி செல் செத்துப்போகும் டோசில் எந்தப் புரதம்தான் குறையாது? குர்குமின் போன்ற ஆன்டிஆக்சிடன்ட்கள் செல்லே இல்லாமலும் எம்டிடியை ஊதாவாக்கக்கூடும். அதனால் செல் இல்லாத குழியில் மருந்தும் எம்டிடியும் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரைபான் புளூ சாய எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

செல் விதைத்தல், நேரம்

ஆறு குழித் தட்டில் குழிக்கு 3 லட்சம் செல், ஒட்டிக்கொள்ள ஓர் இரவு. அறுவடை நாளில் எல்லாக் குழியும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் இருக்க வேண்டும். செல் நெருக்கம் மாறினாலே இந்தக் குடும்பத்தின் பாஸ்பேட் அளவு மாறும். மருந்து வளர்ச்சியைக் குறைத்து, கண்ட்ரோல் மட்டும் நெருங்கி வளர்ந்துவிட்டால், நீங்கள் அளப்பது மருந்தையா நெருக்கத்தையா என்று தெரியாது. கண்ட்ரோலைக் கொஞ்சம் குறைவாக விதைத்த ஒரு குழியையும் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம்.

பழைய மீடியத்தை மாற்றிப் புதுச் சீரம் விட்டாலே சிறிது நேரத்துக்கு ஈஆர்எம் மீது பாஸ்பேட் ஏறும். மருந்துக் குழிக்கு மீடியம் மாற்றினால் கண்ட்ரோலுக்கும் அதே நிமிடத்தில் மாற்றுங்கள்.

நேரம்: பாஸ்பேட் பார்க்க 10 நிமிடம், 30 நிமிடம், 2 மணி. ஆர்என்ஏ பார்க்க 6, 12, 24 மணி. புரத அளவு பார்க்க 24, 48, 72 மணி. சட்டகத்தோடு சேர்ந்த புரதங்கள் பல, சீக்கிரம் உடைவதில்லை. ஆர்என்ஏ முழுதாக நின்றுபோனாலும் பழைய புரதம் நாள்கணக்கில் இருக்கலாம். ஆறு மணி நேரத்தில் புரதம் இறங்கவில்லை என்று பொருளைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

நம் ஊர் நடைமுறை ஒன்று. செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் 'நாளைய மின்தடை' என்று துணைமின் நிலைய வாரியாகப் போடுவார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை என்றிருந்தால் அன்று 48 மணி அறுவடையோ பிளாட் டிரான்ஸ்ஃபரோ வைக்காதீர்கள். ஜெனரேட்டர் உண்டு என்று சொல்வார்கள், டீசல் இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

லைசேட் எடுப்பது

இங்கே நிதானம் வேண்டும். மிதக்கிற செல்லைக் கொட்டிவிடாமல் மீடியத்தோடு சேர்த்து மையவிலக்கில் சுற்றி எடுத்து, ஒட்டிய செல்லோடு சேருங்கள். இல்லையென்றால் மருந்துக்குத் தாங்கி நின்ற செல்களை மட்டும் அளப்பீர்கள். டிரிப்சின் போட்டுக் கழற்றுவது இந்தப் புரதங்களுக்கு ஆகவே ஆகாது. செல் உருண்டையாகும்போதே பாஸ்பேட் மாறிவிடும். பனிக்கட்டி மேல் தட்டை வைத்து, குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலால் ஒருமுறை அலம்பி, குழியிலேயே லைசிஸ் பஃபரை விடுங்கள்.

எந்த பஃபர்? டிரைட்டான் மட்டும் உள்ள மென்மையான பஃபரில் சட்டகத்தோடு ஒட்டியிருக்கும் பங்கு கரையாமல் கசண்டோடு போய்விடலாம். மேல்திரவத்தை மட்டும் ஓட்டினால் எஸ்ரின் குறைந்தது போலத் தெரியும், உண்மையில் அது இடம்தான் மாறியிருக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: எஸ்டிஎஸ் என்ற வலுவான டிடர்ஜென்ட் 1 சதவீதம் உள்ள சூடான பஃபரில் நேரடியாகக் கரையுங்கள், ஊசியில் சில முறை இழுத்து விட்டு டிஎன்ஏ கொழகொழப்பை உடையுங்கள். பாஸ்பேட் பார்க்கிறீர்கள் என்றால் அலம்பும் பிபிஎஸ்ஸிலேயே பாஸ்பட்டேஸ் தடுப்பான் இருக்க வேண்டும்.

எஸ்டிஎஸ் இருந்தால் புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு முறை வேலை செய்யாது, பிசிஏ முறையில் அளக்க வேண்டும். பிசிஏவுக்கு டிடிடியும் மெர்கேப்டோ எத்தனாலும் ஆகாது. அதனால் அவை இல்லாமல் கரைத்து, அளந்து, பிறகு சேருங்கள். இந்த ஒரு வரிசை தெரியாமல் வாரக்கணக்கில் ஸ்டாண்டர்டு கர்வோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

வெஸ்டர்ன் பிளாட்

எஸ்ரின் 586 அமினோ அமிலம் கொண்டது. கணக்குப்படி 69 கிலோடால்டன், ஜெல்லில் 80 பக்கம்தான் ஓடும். பேண்ட் தப்பான இடத்தில் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். மோசின் அதற்குச் சற்றுக் கீழே. மூன்று புரதங்களும் மிக நெருங்கிய ஒற்றுமை உள்ளவை என்பதால் சில ஆன்டிபாடிகள் உடன்பிறப்புகளையும் பிடிக்கும். 8 சதவீத ஜெல்லில் நிதானமாக ஓட்டினால் எஸ்ரினும் மோசினும் பிரியும். பாஸ்போ ஆன்டிபாடிகளில் பல, எஸ்ரின் 567, ராடிக்சின் 564, மோசின் 558 மூன்றையும் சேர்த்தே காட்டும். அறிக்கையில் 'பாஸ்போ-ஈஆர்எம்' என்றே எழுதுங்கள்.

முதல் ஜெல் மருந்துக்கு அல்ல. கண்ட்ரோல் லைசேட்டையே 5, 10, 20, 40 மைக்ரோகிராம் என்று ஓட்டி, பேண்டின் அடர்த்தி அளவோடு சேர்ந்து ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாமல் தட்டையாகிற இடத்துக்குக் கீழேதான் இனி எல்லா ஜெல்லும்.

எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் போட்டோமா என்று பார்க்கிற லோடிங் கண்ட்ரோலுக்கு எல்லாரும் பீட்டா ஆக்டினை எடுப்பார்கள். நீங்கள் ஆராய்வதே ஆக்டின் சட்டகத்தை. அதையே அளவுகோலாக வைப்பதா? ஜிஏபிடிஹெச் எடுக்கலாம், அதைவிட நல்லது மெம்பிரேன் முழுவதையும் போன்சோ எஸ்ஸால் சாயமேற்றிப் படம் எடுத்துவைப்பது. செலவும் குறைவு. கோவையில் ஓர் ஆய்வகத்தில் காதில் விழுந்த பேச்சு இது:

"ஏனுங்க மேடம், கொஞ்சம் வந்து பாருங்க. மருந்து போட்டதுல பேண்ட் பாதி ஆயிருச்சுங்க!"

"அந்தப் போன்சோ படத்த எடு கண்ணு."

"இதானுங்க."

"மூணாவது லேனப் பாரு. மேலருந்து கீழ வரைக்கும் எல்லாமே பாதியாத்தான இருக்குது? எஸ்ரின் மட்டுமா கொறஞ்சுது?"

"டிரான்ஸ்ஃபர்ல காத்துக் குமிழி நின்னுருச்சுங்களாட்ட இருக்குதுங்க…"

"அப்ப மறுபடி ஓட்டு. சாப்பிட்டுட்டு வந்து ஓட்டு, ஒண்ணும் அவசரமில்ல."

பிளாக்கிங்கில், பாஸ்போ ஆன்டிபாடி என்றால் பால்பவுடர் வேண்டாம். பாலிலுள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்புலம் புகைமூட்டமாக வரும். 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டுச் சீர ஆல்புமின்) போடுங்கள். மொத்த எஸ்ரினுக்குப் பால் போதும். ஆன்டிபாடி கோடையில் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறது என்றால் வெள்ளி, சனியில் வந்து சேராதபடி ஆர்டர் போடுங்கள். ஞாயிறு முழுக்கக் கூரியர் குடோனில் கிடந்த ஐஸ் பெட்டியைத் திறந்தால் வெந்நீர்தான் இருக்கும்.

மூன்று முறை செய்ய வேண்டும் என்றால் வேறு வேறு நாளில், வேறு வேறு பாசேஜ் (பிரித்து மறுபடி வளர்த்த தலைமுறை) செல்லில். ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்து மூன்று குழி என்பது ஒரு முறைதான். இதைக் கைடு கேட்கவில்லை என்றாலும் நீங்களே செய்யுங்கள்.

குறைந்தது உண்மை என்றால், எங்கே குறைந்தது?

அடுத்து, ஆர்என்ஏ அளவைப் பார்க்கக் கியூபிசிஆர். அதே தட்டில், அதே நேரத்தில் எடுத்த ஆர்என்ஏவாக இருக்கட்டும். ஒப்பீட்டுக்கு ஒரு ஜீன் போதாது, இரண்டாவது வேண்டும். பியூட்டிரேட் போன்ற பொருள்கள் ஒப்பீட்டு ஜீனையே ஆட்டிவிடக்கூடும்.

ஆர்என்ஏவும் புரதமும் சேர்ந்து இறங்கினால் கோளாறு மேலே, எழுதப்படும் இடத்திலோ ஆர்என்ஏவின் ஆயுளிலோ. எது என்று அறிய ஆக்டினோமைசின் டி போட்டு 0, 2, 4, 6 மணியில் மருந்தோடும் மருந்தில்லாமலும் ஆர்என்ஏவை அளங்கள். கரைகிற வேகம் ஒன்றாக இருந்தால் எழுதப்படுவதுதான் குறைந்திருக்கிறது.

ஆர்என்ஏ அப்படியே இருக்க, புரதம் மட்டும் இறங்கினால் எம்ஜி-132-ஐ 10 மைக்ரோமோலாரில் கடைசி 6 மணி நேரம் சேர்த்துப் பாருங்கள். புரதம் திரும்பி ஏறினால் புரோட்டியசோம் வழி. ஏறவில்லை என்றால் சைக்ளோஹெக்ஸிமைடு போட்டு, மருந்து இருக்கும்போது புரதம் வேகமாக மறைகிறதா என்று பார்க்கலாம். ஏற்கெனவே சொன்ன கால்பெய்னும் கணக்கில் இருக்கட்டும்.

மொத்த எஸ்ரின் அசையாமல் பாஸ்போ மட்டும் இறங்கினால் தலைப்பையே மாற்றுங்கள். அது எக்ஸ்பிரஷன் புராஜெக்ட் அல்ல, செயல்நிலை புராஜெக்ட். வெட்கப்பட ஒன்றுமில்லை, சொல்லப்போனால் அதுதான் சுவாரசியம். மைக்ராஸ்கோப்பில் பாஸ்போ-ஈஆர்எம் பார்க்க ஃபார்மால்டிஹைடைவிட 10 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில், பனிக்கட்டி மேல் 15 நிமிடம் வைத்துப் பதப்படுத்துவது நல்லது. பாஸ்பேட் கழன்றுபோவதற்குள் எல்லா நொதியையும் அது ஒரே அடியில் நிறுத்திவிடும்.

அறிக்கையில் வரியை இப்படி எழுதலாம்: '2 மில்லிமோலார் சோடியம் பியூட்டிரேட்டில் 48 மணி நேரம் வைத்த எம்சிஎஃப்-7 செல்களில் மொத்த எஸ்ரின் புரதம் கண்ட்ரோலைவிட இத்தனை மடங்கு மாறியது; ஆர்என்ஏ இத்தனை மடங்கு மாறியது.' செல், அளவு, நேரம், எந்தப் படி. 'புற்றுநோயைக் குணப்படுத்தக்கூடும்' என்ற வாலை வெட்டிவிடுங்கள். எஸ்ரின் எலும்புப் புற்று பரவுவதில் பங்கெடுக்கிறது என்று 2004-இலேயே காட்டியிருக்கிறார்கள், அதை முன்னுரையில் சொல்லலாம். தட்டில் வளர்ந்த செல்லில் ஒரு பேண்ட் மங்கியதற்கும் மருந்துக்கும் நடுவே வெகுதூரம்.

கழிவு

செல் இருந்த மீடியத்தில் பத்தில் ஒரு பங்கு ஹைப்போகுளோரைட் கரைசல் சேர்த்து அரை மணி நேரம் விட்டுக் கொட்டலாம். ஆர்என்ஏ எடுத்த டிரைசால் கழிவில் மட்டும் ஹைப்போகுளோரைட்டைக் கலக்கவே கூடாது, அதிலுள்ள குவானிடினோடு சேர்ந்து நச்சுவாயு வரும். அதற்குத் தனி பாட்டில், மேலே பெரிதாகப் பேர். ஆக்டினோமைசின், சைக்ளோஹெக்ஸிமைடு, எம்ஜி-132 கலந்த மீடியமும் தனி பாட்டில்தான். சிங்க்கில் ஊற்றினால் எங்கே போகும் என்று கோவை, திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயக் கழிவு பிரச்சினையில் உயர் நீதிமன்றம் 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன அளவுக்கு நொய்யல் பட்டது போதும். நிரம்பிய பாட்டில்களை அபாயக் கழிவு எடுத்துப்போக அனுமதி உள்ளவர்களிடம் துறை வழியாக ஒப்படைத்து, ரசீதை லேப் நோட்டில் ஒட்டிவிடுங்கள்.